எந்த இளவரசன் பெரியவன்?

‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ வீடியோ கேம் வரிசையில் எந்தப் பாகம் பெஸ்ட்? தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் ஒரு வீட்டில் இந்தக் கேள்விக்கு இருபது வருடமாகத் தீர்ப்பு வரவில்லை. பனிமய மாதா திருவிழா, கிறிஸ்துமஸ் என்று வீடு நிறையும்போதெல்லாம் மக்ரூன் தட்டோடு இந்தச் சண்டையும் நடுவீட்டுக்கு வந்துவிடும்.

கட்சிகள் மூன்று. சித்தப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கப்பலில் வேலை பார்க்கும் தம்பிக்கு முப்பத்தாறு. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனுக்குப் பதினைந்து. பையனின் அம்மா, அதாவது வீட்டின் மூத்த மகள், எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அவரிடம் யாரும் ஓட்டுக் கேட்டதில்லை.

சித்தப்பாவின் ஓட்டு எப்போதும் முதல் பாகத்துக்கு. 1989-ல் வந்தது. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் படம் படமாகப் பார்த்து வரைந்து செய்த கேம். அதனால்தான் அந்தக் குட்டி உருவம் நிஜ மனிதன் மாதிரியே ஓடும். விளிம்பைப் பிடித்துத் தொங்கும். இளவரசியைக் காப்பாற்ற அறுபது நிமிடம் கெடு. நடுவில் செத்தால் அந்தக் கட்டத்தை மறுபடி ஆடலாம். ஆனால், போன நிமிடம் போனதுதான்.

சித்தப்பா அதை ஆடியது தொண்ணூறுகளில், கம்ப்யூட்டர் சென்டரில். அங்கே பயிற்சி நேரமும் ஒரு மணிதான். “இளவரசனுக்கும் ஒரு மணி நேரம், எனக்கும் ஒரு மணி நேரம். அவன் பிழைச்சா எனக்குப் பாடம் போச்சு. நான் படிச்சா அவன் போய்ச் சேர்ந்தான்” என்பார். கண்ணாடியில் இருந்து குதித்து வரும் நிழல் இளவரசனைப் பற்றி அவர் பேசாத வருடம் கிடையாது. புது எதிரியை வரைய அந்தக் கால ஆப்பிள் கம்ப்யூட்டரில் மெமரி போதாததால், இளவரசனின் உருவத்தையே நிழலாக மாற்றிவிட்டார் மெக்னர். அந்த நிழலை வெட்டினால் நமக்குத்தான் உயிர் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். “இதுக்கு மேல ஒருத்தன் என்னல சொல்லிட முடியும்?” என்று சித்தப்பா கேட்கும்போது தட்டில் மக்ரூன் பாதி காலியாகியிருக்கும்.

தம்பியின் கட்சி வேறு. 2004 கடைசியில் வந்த ‘வாரியர் விதின்’தான் அவனுக்கு உலகம். புயலில் ஆடும் கப்பலில் கதை தொடங்கும். காலத்தைக் கலைத்த குற்றத்துக்காக இளவரசனைத் துரத்தும் ‘தஹாகா’ என்ற கரும்பூதம் வரும்போதெல்லாம் ஓடவேண்டியதுதான். எதிர்த்து நிற்க முடியாது. தண்ணீரைக் கண்டால் மட்டும் அது நிற்கும். கிடார் அலறும் அந்தப் பாட்டும், இருண்ட முகமும் பதினைந்து வயதுப் பையனுக்குப் பிடிக்காமல் இருக்குமா? “முந்தின பாகத்துல பேசிக்கிட்டே இருப்பான். இதுலதான் ஆம்பள மாதிரி சண்டை போடுவான்” என்பது அன்றைய தம்பியின் வாதம்.

கப்பலுக்குப் போன பிறகு அவன் கட்சி மாறினான். இப்போது 2005-ல் வந்த ‘தி டூ த்ரோன்ஸ்’தான் பெஸ்ட் என்கிறான். அதில் இளவரசன் கடல் தாண்டித் தன் ஊரான பாபிலோனுக்குத் திரும்புவான். ஊர் பழைய ஊராக இருக்காது, போரில் எரிந்துகொண்டிருக்கும். “ஒன்பது மாசம் கழிச்சு இறங்கி வந்தா, தெருமுனையில இருந்த கடை இருக்காது. நம்ம வீட்டு நாய்கூட யோசிச்சுத்தான் வாலை ஆட்டும். அந்தப் பாகம் எனக்கு இப்பத்தான் புரியுது” என்று அவன் சொன்னபோது சித்தப்பாவும் மறுத்துப் பேசவில்லை.

பையனுக்கு இந்தக் கதையெல்லாம் பழங்கதை. அவன் ஆடுவது 2024-ல் வந்த ‘தி லாஸ்ட் கிரவுன்’. அடுத்த வருடமே அது மொபைலுக்கும் வந்துவிட்டது. நாயகன் சர்கோன், இளவரசனே கிடையாது. கடத்தப்பட்ட இளவரசனைத் தேடிப் போகும் வீரன். பாத்திரங்களைப் பாரசீக மொழியிலேயே பேசவைத்தும் ஆடலாம். பக்கவாட்டில் ஓடிக் குதிக்கும் பழைய பாணிக்கே கேம் திரும்பியிருக்கிறது. “தாத்தா, ஒங்க கேம்தான் புதுச் சட்டை போட்டு வந்திருக்கு” என்று அவன் சொன்ன நாளில் சித்தப்பாவின் ஓட்டில் பாதி அவனுக்குப் போனது.

மூன்று கட்சிக்கும் பொதுவாக ஒரு பாகம் மிச்சம். 2003-ல் வந்த ‘தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்’. உலகத்தில் பெரும்பாலான ரசிகர்கள் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான். இந்திய மகாராஜா ஒருவரின் அரண்மனையைத் தாக்குவதில் கதை தொடங்குகிறது. கையில் இருக்கும் குறுவாளை அழுத்தினால் காலம் பின்னோக்கி ஓடும். விழுந்த இளவரசன் மறுபடி மேலே நிற்பான். அந்த வீட்டில் மட்டும் அதற்கு ஆள் இல்லை. காரணம், தம்பி அதை முடிக்கவில்லை. மேலே ஏறும் ஒரு லிப்டுக்குள் சுற்றி வளைத்து அடிப்பார்களே, அந்த இடத்தில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டான். ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் அந்தச் சண்டை முடிந்து, கேம் அதற்கு அப்பால் சேவ் ஆகியிருந்தது. சித்தப்பாதான் செய்தார் என்று தம்பி நினைத்தான். தம்பியின் கூட்டாளி எவனோ என்று சித்தப்பா நினைத்தார். யாரோ முடித்துவிட்டார்கள் என்ற கோபத்தில் தம்பி அதைத் தொடவே இல்லை.

அந்தப் பாகத்தைப் புதுப்பித்து வெளியிடப்போவதாக யூபிசாப்ட் நிறுவனம் 2020 செப்டம்பரில் அறிவித்தது. வேலை நடந்தது புனே, மும்பை ஸ்டூடியோக்களில். 2022-ல் அது கனடாவின் மாண்ட்ரீலுக்கு மாற்றப்பட்டது. 2026 ஜனவரியில் கைவிடப்பட்டது. தம்பி விடுமுறையில் இருந்த நேரம். செய்தியைப் படித்த பையனுக்கு முகம் தொங்கிப்போனது.

“வருசக்கணக்கா காத்திருந்தேன். அந்தக் கதைய இனி எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“நான் சொல்லுதேன்” என்றார் அவன் அம்மா, அடுப்படி வாசலில் நின்று.

சொன்னார். குறுவாளைத் திருடி, மணலைத் திறந்துவிட்டு, தந்தையையும் படையையும் பறிகொடுக்கும் இளவரசனைச் சொன்னார். எதிரியின் மகளான ஃபாரா வில்லோடு கூட வருவதைச் சொன்னார். கடைசியில் இளவரசன் எல்லாவற்றையும் பின்னோக்கி ஓட்டி, போர் தொடங்குவதற்கு முன்னால் போய் ஃபாராவின் முன்னால் நிற்பான். அவளுக்கு அவன் யாரென்றே தெரியாது. கேம் முழுக்கக் கேட்ட குரல், அவன் அவளுக்குக் கதை சொல்லும் குரல்தான் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும். “சேர்ந்து பட்டதெல்லாம் அவனுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அவளைப் பொறுத்தவரை ஒண்ணுமே நடக்கல” என்று முடித்தார்.

தம்பிதான் முதலில் வாய் திறந்தான். “ஒனக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?”

“நீ ஸ்கூலுக்குப் போயிருவ. அம்மா தூங்கிருவா. எனக்கு காலேஜ் மதியத்தோட முடிஞ்சிரும். ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் சும்மாத்தான கிடந்துச்சு?”

“அப்ப அந்த லிப்ட்?”

“எட்டு நாள் ஆச்சு” என்றார்.

இருபது வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் சின்னது: “யாரும் கேக்கலயே.” அதில் குறை சொல்லும் தொனிகூட இல்லை. பிரவுசிங் சென்டர் பையன்களின் இடமாக இருந்த காலம் அது. பையன்கள் கேம் ஆடினால் கெட்டுப்போகிறான் என்று திட்டுவார்கள். பெண் பிள்ளை ஆடுவாள் என்று யாருக்கும் தோன்றாததால் திட்டக்கூட இல்லை. கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, போனைக் கீழே வைல என்று அவனைத் திட்டும் இடத்துக்கும் வந்துவிட்டார்.

கட்டிலில் படுத்திருந்த அவருடைய அம்மாவுக்குக் கேம் ஒன்றும் தெரியாது. சண்டை மட்டும் தெரியும். “ஒங்க தாத்தாவும் கூட்டாளிகளும் இப்படித்தான். எந்த வருசம் எந்தப் பாருல நல்ல சிப்பி கிடந்துச்சுன்னு திண்ணையில உக்காந்து அடிச்சுக்குவாவ” என்றார். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல். அதன் பிறகு அவர்களில் பலர் சங்கு குளிக்கப் போனார்கள். பேச்சு மட்டும் முத்துப் பாரைவிட்டு நகரவில்லை. “மேல நின்னவன் எத்தனை சிப்பின்னு கணக்குச் சொல்லுவான். முங்கினவனுக்குத்தான் அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியும்.”

முங்கியவர் சொன்னால்தானே மற்றவர்களுக்குத் தெரியும். சித்தப்பாவின் அறுபது நிமிடமும், தம்பியின் எரியும் ஊரும் வருடா வருடம் நடுவீட்டில் பேசப்பட்டதால் எல்லாருக்கும் தெரிந்த கதையாகிவிட்டன. யாரும் பார்க்காத அந்த இரண்டு மணி நேரத்துக்கு அன்றுதான் முதல்முறையாகச் சாட்சி கிடைத்தது. “நீதான்க்கா முடிச்சியா?” என்று தம்பி மறுபடி மறுபடி கேட்டதில் பாதி வியப்பு, பாதி வெட்கம்.

புதுப்பித்த கேம்தான் வரவில்லை. பழையது இன்றும் கம்ப்யூட்டருக்கு விலைக்குக் கிடைக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, சித்தப்பாவின் லேப்டாப்பில் அதை ஏற்றிவைத்தார். கப்பலுக்குத் திரும்பிப்போன தம்பி, “அந்த லிப்டுக்கு மட்டும் வழி சொல்லிராத” என்று செய்தி அனுப்பினான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. லிப்டில் பையன் நாலு தடவை செத்துவிட்டான். பக்கத்தில் அவன் அம்மா, கீபோர்டைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.