இரவில் ஒரு கட்சி, காலையில் ஒரு கட்சி

எங்கள் ராயகிரியை நீங்கள் பார்த்திருக்க நியாயமில்லை. சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசு பார்க்க வருகிறவர்கள்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய சாலை ஊருக்கு மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர் வழியாக ஒதுங்கிப் போய்விடுகிறது. சின்ன வயதில் அது எனக்குப் பெரிய மனக்குறை. இப்போது அந்தக் குறை தீர்ந்துவிட்டது.

திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை அது. வெகு காலம் 208 என்ற எண்ணோடு இருந்தது, இப்போது 744. அதில் ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் நடுவே சுமார் 60 கிலோ மீட்டர். படத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரப் பிரயாணம் என்று தோன்றும். கார்த்திகை மாதத்து இரவில் ஒரு தடவை போய்ப் பாருங்கள், தெரியும்!

நான் போனேன். லீவில் ஊருக்குப் போயிருந்த சமயம், இரவு ஒன்பது மணிக்கு அத்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. "ராஜபாளையம்தானே பக்கம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் அத்தைக்குப் பல வருஷமாக வைத்தியம் பார்க்கிற டாக்டர் தென்காசியில் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தாலே அத்தைக்குப் பாதி மூச்சு திரும்பிவிடும். வாடகைக் கார் வந்தது. மாமா முன்னால் உட்கார்ந்தார். அத்தை பின்னால் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

வாசுதேவநல்லூர் வரை ஒரு கஷ்டமும் இல்லை. புளியங்குடியில் வண்டி நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று சாலையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் என்ன என்று தெரியாது. பின்னால் மாலை போட்ட ஐயப்பன்மார்களின் வேன்கள். எதிரே ஒரு பஸ். அதன் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு டீக் கடையைத் தேடிப் போய்விட்டார். ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் அத்தையின் மூச்சு ஒன்றுதான் எனக்குக் கேட்டது. விசில் மாதிரி, மெல்லிசாக.

"மாற்று வழி இல்லையா?" என்றேன்.

"இது கார்த்திகை மாசம்லா, அண்ணாச்சி!" என்று டிரைவர் எனக்குச் சொல்ல வேண்டியதை மாமாவுக்குச் சொன்னார்.

கார்த்திகையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனியில் சாரல் விழுந்தால் குற்றாலக் கூட்டம். மற்ற நாளெல்லாம் கேரளத்துக்குப் போகிற காய்கறி, கல், மணல், வைக்கோல். மலைத் தொடரில் லாரி சுலபமாக ஏறி இறங்கக்கூடிய வாசல்கள் சிலவே. அவற்றில் ஒன்று செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவில் இருக்கிறது. அந்த வாசலுக்குப் போகிற சாலைதான் புளியங்குடிக்கும் கடையநல்லூருக்கும் கடைவீதி! ஒரே தெருவில் எலுமிச்சம்பழ மூட்டையும் இறங்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடக்க வேண்டும், பதினாறு சக்கர லாரியும் போக வேண்டும். மலையைக் குடைந்து 1904-ல் கொல்லத்துக்கு ரயில் விட்டார்கள். அகலப் பாதை வேலைக்காக 2010-ல் நிறுத்திய வண்டி திரும்ப ஓட 2018 ஆயிற்று. அந்த எட்டு வருஷத்தில் சாலைக்குப் பழகிய ஜனங்கள் ரயிலுக்குத் திரும்பவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அரை மணி ஆயிற்று. மாமா திடீரென்று கதவைத் திறந்து இறங்கினார். "இந்த ரோட்டை எட்டு வண்டி போற மாதிரி அகலமாப் போட்டா எவன் குடி முழுகிப் போகும்?" என்று யாரையோ பார்த்துக் கத்தினார். நான் அவரை அப்படிக் கண்டதில்லை. சாதுவான மனிதர்.

தென்காசி போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். விடியற்காலையில் அத்தை காப்பி கேட்டாள். பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

வாசலில் டீ குடித்துக்கொண்டே, "மாமா, ராஜபாளையம் வரைக்கும் நாலு வழிச் சாலை வேலை ஆரம்பிச்சாச்சு. செங்கோட்டை வரைக்கும் வந்துட்டா இந்தக் கஷ்டம் இல்லை" என்றேன்.

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "அது எது வழியா வரும்னு பேச்சு, தெரியுமால உனக்கு?"

எனக்குத் தெரியும். வயல் வழியாக வரும் என்றுதான் பேச்சு. நஞ்சையும் கிணறும் போய்விடும், வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் மனுக் கொடுத்ததையும் போராடியதையும் பத்திரிகையில் படித்திருக்கிறேன். வாசுதேவநல்லூர்ப் பக்கம் மாமாவுக்கு இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் இருப்பது மட்டும் அந்த நிமிஷம் மறந்துபோயிற்று.

"நேத்து ராத்திரி நீங்கதானே..."

"சொன்னேன். உங்க அத்தை மூச்சு அப்படிச் சொல்ல வச்சது. அந்தக் கிணறு எங்கப்பா வெட்டினது. அதையும் சொல்லணும்லா?"

வாசகர்களே, நான் காலேஜில் படித்தவன். இரு கட்சிக்கும் பாலம் போட்டுப் பேசிப் பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறவன். அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டீக்குக் காசு கொடுத்தேன்.

திரும்பும்போது மாமா காரே வேண்டாம் என்றுவிட்டார். பாசஞ்சர் ரயிலில் சங்கரன்கோவில் வரை வந்தோம், அங்கிருந்து பஸ். வழியில் ஒரு கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. "எம்புட்டு வண்டி, பாருங்க!" என்றாள் அத்தை. மாமா ஜன்னலோடு சாய்ந்து எண்ண ஆரம்பித்தார். ஏழு எண்ணுவதற்குள் ரயில் கடந்துவிட்டது.