லாரிகள் உருவாகும் நாமக்கல்

சேலத்திலிருந்து தெற்கே கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது நாமக்கல். ஒரே பாறையாய் நிமிர்ந்து நிற்கும் குன்றும் அதன் உச்சியிலுள்ள கோட்டையும் வழிப்போக்கரின் கண்ணை முதலில் கவரும். 1997ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டத்திற்கு இதுவே தலைநகர். ஆயினும் இவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பியவை முட்டையும் லாரியுமே.

இங்குள்ள பட்டறைகளைக் காண்போர் வியப்படைவர். எஞ்சினும் சக்கரங்களும் சட்டமுமாக வந்து சேரும் சேசிஸுக்கு இங்கேதான் உடல் அமைகிறது. தச்சரும் வெல்டரும் பெயிண்டரும் பல நாள் உழைத்தபின், இறைவன் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ முகப்பில் தாங்கி லாரி புறப்படுகிறது. சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் பலரும் இவ்வூரினரே.

இத்தொழில் நடைபெறும் முறை அறியத்தக்கது. சரக்கு அனுப்பும் வணிகர் புக்கிங் ஆபீசை நாடுகிறார். டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, முன்பணமாக ஒரு பகுதி தரப்படுகிறது. சரக்கின் விவரம் அடங்கிய லாரி ரசீதுடன் ஓட்டுநர் புறப்படுகிறார். சேருமிடத்தில் சரக்கைப் பெற்றவர் கையொப்பமிட்ட பின்னரே மீதி வாடகை கைக்கு வரும். ஒருவரையொருவர் கண்டிராத வணிகரையும் உரிமையாளரையும் இணைப்பது அந்தத் தாளும், அதைச் சுமந்து செல்லும் ஓட்டுநரின் நாணயமுமே.

ஆனால் சுமையின் பெரும்பகுதி அவர் தோளில்தான் விழுகிறது. பல வண்டிகளில் நடைக்கு இவ்வளவு என்றோ, வாடகையில் இத்தனை விழுக்காடு என்றோதான் ஓட்டுநருக்குக் கூலி. சக்கரம் சுழன்றால்தான் வருமானம். கிடங்கு வாயிலில் இரண்டு நாள் நின்றால், அவர் வீட்டு அடுப்பில் அது தெரியும். காத்திருப்புக்குக் கட்டணம் பேசியிருந்தாலும் அது வசூலாவது எளிதன்று. உரிமையாளரையோ கடன் தவணையும் டீசல் விலையும் நெருக்குகின்றன. இழந்த நேரத்தை ஈடுசெய்ய இரவுத் தூக்கமே பலியாகிறது. அதன் விளைவைச் சாலையோரக் குடும்பங்களும் அனுபவிக்கின்றன.

நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தது. 2017இல் சரக்கு-சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. கிடங்கு வாயிலின் காத்திருப்போ சரக்கைப் பெறுவோரின் மனத்தைப் பொறுத்தது.

2007ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பயணம் குறித்த வழிகாட்டி, ஓட்டுவோருக்குப் பத்துக் கட்டளைகளை வழங்கியது. கொலை செய்யாதே என்பதே அவற்றுள் முதலாவது. உறங்காத ஓட்டுநரை விரைந்து வரும்படி நெருக்குவோருக்கும் அக்கட்டளையில் பொறுப்புண்டு அன்றோ? உழைத்தவரின் கூலியை நிறுத்திவைப்போரைப் புனித யாக்கோபும் தம் திருமுகத்தில் கடிந்துரைக்கிறார்.

கடையோ ஆலையோ நடத்தும் நம் பங்குக் குடும்பங்கள் இதைச் சிந்திப்பது நலம். வந்த சரக்கைத் தாமதமின்றி இறக்குவோம். மீதி வாடகையை அன்றே கொடுப்போம். ஓட்டுநருக்குக் குடிநீரும் கழிப்பிடமும், சற்றே கண்ணயர நிழலும் தருவோம். மாலைச் செபத்தில் நம் குடும்பத்தாரை நினைக்கும்போது, அவ்வேளையில் நெடுஞ்சாலையில் விழித்திருக்கும் ஓட்டுநர்களையும், அவர்களை எதிர்நோக்கும் மனைவி மக்களையும் இறைவனிடம் ஒப்படைப்போம்.