கடலில்லா ஊரில் ஒரு கப்பல் கணக்கு

நம் பொம்மசந்திரா கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள ஊர். ஓசூர் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் தொழிற்சாலைகள். தேநீர்க் கடைகளில் தருமபுரித் தமிழும் சேலத்துத் தமிழும் கன்னடத்தோடு கலந்து ஒலிக்கும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து இங்கு வரை 16 நிலையங்களுடன் மஞ்சள் தட மெட்ரோவும் வந்துவிட்டது. இத்தகைய ஊரில் கப்பற் பேச்சுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். காரணம் என் அன்னையார்.

அவர் இலங்கையில் அட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவர்களுள் ஒருவராக, 1974-இல், பன்னிரண்டு வயதுச் சிறுமியாய்த் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறி இராமேசுவரம் வந்து சேர்ந்தார். “மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன் தம்பி. கரை மறைவதைக்கூடப் பார்க்கவில்லை” என்பார்.

2023 ஜூன் 5-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்ட செய்தியைப் படித்துக் காட்டினேன். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்ற பெயர்களைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “திருக்கோணேசுவரம் மலையேறிக் கும்பிட வேண்டும். கரை தெரியும்போது சன்னலோரம் நிற்க வேண்டும்” என்றார்.

அடியேன் பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தராய் இருப்பவன். கட்டணப் பட்டியலோடு பழகியவன் என்ற செருக்கு எனக்குண்டு. பெரும்பாலான இரயில்களில் கட்டணம் மாறாது, இடந்தான் தீரும். இராஜதானி, சதாப்தி போன்ற சில வண்டிகளில் மட்டும், 2016 செப்டம்பர் முதல், பத்தில் ஒரு பங்கு இடம் விற்கும் தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறி, ஓர் உச்ச வரம்பில் நிற்கும். கப்பலின் வழக்கோ வேறு. அங்கே கட்டணம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஆளில்லாத அறையோடு கப்பல் புறப்பட்டுவிட்டால் அவ்வறையின் வருவாய் போனது போனதுதான். ஆதலின் எஞ்சிய அறைகளைக் கடைசி வாரங்களில் விலை குறைத்துத் தருவதுண்டு. பள்ளி விடுமுறையிலோ விலை மேலே நிற்கும்.

இதை அறிந்த நான் ஒரு குறிப்பேடு எடுத்து, ஞாயிறுதோறும் ஒரு கப்பலின் கட்டணத்தைக் குறித்துவந்தேன். “விலை இறங்கிற்றா தம்பி?” என்று அன்னையார் கேட்பார். “இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் அம்மா” என்பேன். பதினொரு வாரம் இப்படியே கழிந்தது. பன்னிரண்டாம் வாரம் விலை இறங்கியது. ஆயின் இறங்கியது சன்னலில்லாத உள்ளறைக்கு மட்டுமே! கடல் தெரியும் அறைகள் யாவும் விற்றுத் தீர்ந்திருந்தன. மீண்டும் மூட்டைகளுக்கு நடுவே அவரை அமர்த்த எனக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டுப் பயணங்களும் முடிந்தன.

மறு ஆண்டு முன்பதிவு தொடங்கிய வாரத்திலேயே சன்னல் அறை வாங்கினேன். அதற்குள் அன்னையாரின் முழங்கால் தளர்ந்துவிட்டது. திருகோணமலை நெருங்கிய விடியலில், சன்னற் கண்ணாடியில் நெற்றி பதித்துக் கரையை நோக்கி நெடுநேரம் நின்றார். ஆனால் கடற்பாறை மேலுள்ள கோயிலுக்கு ஏற அவரால் இயலவில்லை. கீழிருந்தே கைகூப்பினார். “போதும் தம்பி, பார்த்துவிட்டேன்” என்று அவர் சொன்னது என்னைத் தேற்றுவதற்கே என்பதை நானறிவேன். நான் மிச்சப்படுத்த எண்ணிய தொகை ஆறாயிரம் ரூபாய்.

கட்டணத்தைக் கவனித்தல் தவறன்று. உழைத்த காசைப் பார்த்துச் செலவிடுதல் நம் குடும்பங்களுக்கு அறமே ஆகும். ஆயின் சில வரையறைகள் வேண்டும். காட்டிய விலை ஒருவருக்கா, ஓரறைக்கா என்று கேளுங்கள். துறைமுகக் கட்டணமும் வரியும் அதில் அடங்கினவா என்று பாருங்கள். நாள் நெருங்க நெருங்க, பயணத்தைக் கைவிட்டால் பிடித்துக்கொள்ளும் தொகை பெருகும் என்பதை மறவாதீர்கள். கடவுச்சீட்டை முன்னரே எடுத்து வையுங்கள். எந்த அறையானாலும் சரி, எந்த வாரமானாலும் சரி என்பவர்கள் காத்திருக்கலாம். இன்ன அறை, இன்ன நாள் என்று வேண்டுவோர், தமக்குக் கட்டுப்படியாகும் ஒரு தொகையை முன்னரே முடிவு செய்து, விலை அதைத் தொட்ட அன்றே வாங்கிவிடுதல் நன்று.

முதியோரை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு சொல் மிகுதியாக உண்டு. கட்டணம் எழுதும் குறிப்பேட்டில் அவர்தம் வயதையும் ஒரு பத்தியில் எழுதி வையுங்கள். கட்டணம் ஏறும், இறங்கும். வயது ஏறுவதொன்றே அறியும்.