குற்றவாளி யார்?

உபாத்தியாயர் தொழிலில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. இருபது வருஷ காலம் பிறர் செய்த பிழைகளுக்குச் சிவப்பு மையினால் சுழி போட்டுப் போட்டு, பிழை என்பது எப்போதும் மேஜைக்கு எதிர்ப்புறத்தில் இருப்பவர்கள் செய்கிற காரியம் என்ற நம்பிக்கை மனத்தில் ஊறிப்போய்விடுகிறது. எனக்கிருந்த அந்த நம்பிக்கை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மூலமாகத் தகர்ந்தது. எப்படித் தகர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டால் என் மனப்பாரம் சற்றுக் குறையும். நேயர்களுக்கும் ஒருவேளை பிரயோஜனப்படலாம்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயது நாலு. கல்லூரியில் படிக்கும் என் பெண்ணின் கட்டுரைகள், என்னுடைய வினாத்தாள்கள், மார்க்குப் பட்டியல்கள், என் மனைவி சேர்த்து வைத்திருக்கும் குடும்பப் படங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டிதான் கதி. வேலை மந்தமாக நடக்கிறதென்று பெண் முறையிட்டாள். அதன் பேரில், முன்னொரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்த பையன் ஒருவனை வரவழைத்தேன். அவன் இப்போது கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறான். ஏற்கெனவே இருந்த இரண்டு ராம் அட்டைகளுக்குப் பக்கத்தில் வேறு கம்பெனியின் அட்டைகள் இரண்டைப் பொருத்தினான். அட்டைகளின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, "கூலியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன், ஸார்! உள்ளே எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்" என்றான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பாராமலே தலையை ஆட்டினேன்.

இரண்டு வாரம் கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடிற்று. அத்துடன் நான் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாத வேளையில், பயாஸைப் புதுப்பித்தால் என்ன என்ற எண்ணம் என் மூளையில் உதயமாயிற்று.

பயாஸ் என்பது மதர்போர்டின் மேலுள்ள ஒரு சிறு சில்லில் குடியிருக்கும் நிரல். பொத்தானை அமுக்கியதும் முதல் முதலாகக் கண் விழிப்பது அதுதான். பிராஸஸர், ராம் முதலியவர்களைத் தட்டி எழுப்பி, இன்னாருக்கு இவ்வளவு வேகம், இவ்வளவு வோல்ட் என்று படி அளந்து, பிறகு வீட்டை விண்டோஸின் வசம் ஒப்புவிக்கும். 1970-களில் கேரி கில்டால் என்னும் அமெரிக்கர் தம்முடைய ஸி.பி./எம். அமைப்பின் ஒரு பகுதிக்கு இந்தப் பெயரை இட்டார். 1981-ல் வந்த ஐ.பி.எம். பர்ஸனல் கம்ப்யூட்டரோடு அது உலகமெல்லாம் பரவிற்று. இப்போது அந்த ஸ்தானத்துக்கு யு.இ.எஃப்.ஐ. என்னும் புது ஏற்பாடு வந்து பல வருஷமாகியும் ஜனங்கள் பழைய பெயரை விடவில்லை.

பயாஸைப் புதுப்பிப்பதே வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. 2024-ல் இன்டெல் கம்பெனியின் 13, 14-வது தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் பிராஸஸர்கள் சில, தேவைக்கு மேற்பட்ட வோல்டைக் கேட்டு வாங்கித் தங்களையே கெடுத்துக்கொண்டன. அதற்குரிய திருத்தம் அவ்வருஷம் ஆகஸ்டு முதல் பயாஸ் மூலமாகவே வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களின் பிராஸஸர்கள் மேற்கொண்டு கெடாமல் தப்பின. அதற்கு முன்பே கெட்டுப்போனவற்றை மட்டும் திருத்தத்தால் குணப்படுத்த முடியவில்லை. ஆகையால் மருந்து நல்ல மருந்துதான். வைத்தியனைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் வீட்டு வைத்தியன் நான்.

காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பயாஸ் புதிதானதும் பழைய அமைப்புகள் அழிந்து, எல்லாம் ஆதி நிலைக்குத் திரும்பியிருந்தன. இது இப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன். ராம் 2133 என்னும் வேகத்துக்கு இறங்கியிருந்தது. அட்டையின் மேலோ 3200 என்று பளிச்சென்று அச்சிட்டிருக்கிறது! எக்ஸ்.எம்.பி. என்னும் ஏற்பாட்டை இயக்கிவிட்டால் அந்த வேகம் வந்துவிடும். இயக்கினேன், வந்தது. "பழையபடியே வைத்துவிட்டேன்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு காபி சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் திரை திடீரென்று உறைந்து நின்றது. நாலாம் நாள் தானாகவே அணைந்து தானாகவே எழுந்தது. ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு, மறுநாள் கொடுக்கவேண்டிய கட்டுரையைப் பெண் முடிக்கும் தறுவாயில் மறுபடியும் அணைந்தது. சேமிக்காத ஏழு பக்கம் போயிற்று. அவள் அழவில்லை, ஒரு வார்த்தையும் பேசாமல் முதலிலிருந்து தட்டச் சுட ஆரம்பித்தாள். அதைக் காட்டிலும் அவள் அழுதிருக்கலாம்.

நான் துப்பறியப் புறப்பட்டேன். விண்டோஸின் நிகழ்ச்சிக் குறிப்பில் "கெர்னல் பவர் 41" என்று கண்டிருந்தது. பவர் என்றால் மின்சாரம். ஆகவே குற்றவாளி மின்சாரப் பெட்டிதான் என்று தீர்மானித்து, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டச் செய்தேன். உண்மையில் அந்த 41-க்கு, கம்ப்யூட்டர் முறைப்படி மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. பிரேதத்தைக் கண்டவன் சொன்ன சாட்சியத்தையே கொலைக்குக் காரணமாக எடுத்துக்கொண்டேன்! புதுப் பெட்டி வந்த அன்று மாலையே கம்ப்யூட்டர் மறுபடியும் உறைந்தது.

மிஞ்சியது ஒரே சந்தேகம். பையன் மட்டமான ராமைத் தலையில் கட்டிவிட்டான்!

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "நம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலைக்கு உங்கள் பழைய மாணவன் விண்ணப்பம் போட்டிருக்கிறான். பையன் எப்படி, ஸார்?" என்று கேட்டார். நான், "வேலை தெரிந்தவன் மாதிரி இருக்கிறான், ஆனால் நம்புவதற்கில்லை" என்றேன். அவ்வளவுதான். ஒரு மனிதனுடைய ஒரு வருஷத்துப் பிழைப்பைக் கெடுக்க அதற்கு மேல் வார்த்தை தேவையில்லை.

அன்றிரவு அவனைப் போனில் கூப்பிட்டுக் கண்டித்தேன். அவன் பதில் பேசாமல் கேட்டுவிட்டு, மறுநாள் மாலை வந்தான். "கோளாறு ஆரம்பிப்பதற்கு முன்னால் என்ன மாற்றம் செய்தீர்கள், ஸார்?" என்பது அவன் முதல் கேள்வி.

"ஒன்றுமே செய்யவில்லை" என்றேன்.

உள்ளேயிருந்து என் பெண், "அப்பா! அந்த ஞாயிற்றுக்கிழமை பயாஸை மாற்றினீர்களே?" என்றாள்.

பையன் சிரிக்கவில்லை. மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தான். விண்டோஸ் எழுவதற்கு முன்பே புகுந்து, ராமின் ஒவ்வொரு அறையிலும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் நிரல் அது. நாலு அட்டைகளையும் நான் வைத்திருந்த 3200 வேகத்திலேயே சோதித்தான். அரைமணிக்குள் பிழைகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறிற்று. "பார்த்தாயா?" என்றேன் வெற்றியோடு. அவன் ஒன்றும் சொல்லாமல் மூன்று அட்டைகளைக் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் அதே வேகத்தில் சோதித்தான். பிழையில்லை. இப்படியே ஒவ்வொன்றாக நாலும் தேறின. பிறகு நாலையும் சேர்த்து மாட்டி, எக்ஸ்.எம்.பி.யை நிறுத்தி, வேகத்தை 2666-க்குக் குறைத்து, இரவு முழுவதும் ஓடவிட்டுப் போனான். காலையில் பார்த்தால் நாலு சுற்று முடிந்து, பிழை பூஜ்யம்.

"ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், ஸார். இரண்டை மாற்றினால் எதனால் குணமாயிற்று என்று தெரியாது" என்றான். இதையேதான் நான் வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டு வருகிறேன்.

ஆக, அட்டைகள் நாலும் நல்லவை. நாலையும் ஒரே சமயத்தில் 3200-ல் ஓட்டுவதுதான் தவறு. அட்டையில் அச்சிட்ட வேகம், ஒரே ஜோடியாக விற்ற அட்டைகளுக்கு உரிய வாக்குறுதி. அன்னிய ஜோடி ஒன்றும் கூடச் சேர்ந்தால், நாலையும் மேய்க்கும் பிராஸஸருக்குச் சுமை கூடுகிறது; அந்த வாக்குறுதி அப்போது செல்லாது. 2133-லேயே நான் விட்டிருந்தால்கூடச் சற்று மந்தமாக ஓடியிருக்குமே தவிர, நின்றிராது.

"இது உனக்கு அப்போதே தெரியுமா?" என்று கேட்டேன்.

அவன் பெட்டியின் பக்கக் கதவைத் திருப்பிக் காட்டினான். உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "ராம் 4. வேகம் 2666. எக்ஸ்.எம்.பி. வேண்டாம். பயாஸ் மாற்றினால் மறுபடி இப்படியே வைக்கவும்." கையெழுத்து அழகாகவே இருந்தது.

கூலியோடு இரண்டு மாலைகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன். பழைய கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு, "என் வேலையில் குற்றம் உண்டா என்று பார்க்கத்தானே வந்தேன்? அதற்குக் கூலி கிடையாது, ஸார்" என்று மீதியை மேஜைமேல் வைத்தான்.

காலையில் முதல் வேலையாக ஹெட்மாஸ்டரிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "நேற்றே வேறு கடைக்குக் கொடுத்தாகிவிட்டதே, ஸார்! அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அதையும் பையனிடம் நானே போய்ச் சொன்னேன். "பரவாயில்லை, ஸார்" என்றான். அந்தப் பரவாயில்லை இன்னும் என் காதில் இருக்கிறது.

பயாஸை மாற்ற உத்தேசிக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பழைய அமைப்புகள் உள்ள பக்கங்களை எல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தால் அதன் 48 இலக்கச் சாவியை எழுதி வையுங்கள். பயாஸ் மாறியதும் கம்ப்யூட்டர் அதைக் கேட்கக்கூடும். மின்சாரம் போய் வரும் நாளில் தொடாதீர்கள். மாற்றிய பிறகு சில நாள் ஆதி நிலையிலேயே ஓட்டிப் பார்த்து, அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பெட்டியைத் திறந்து, உள்ளே யாராவது சீட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.