எடைக்குப் போடாதீங்க... எடுத்து ஓட்டுங்க!

‘புதுப்பேட்டை’னு சொன்னதும் 2006-ல வந்த தனுஷ் படம்தானே ஞாபகத்துக்கு வருது? சென்னையில பழைய வண்டி வெச்சிருக்கிற பசங்களைக் கேளுங்க... வேற ஒரு புதுப்பேட்டையைச் சொல்வாங்க. அங்கே ஹீரோ, ஸ்பேர் பார்ட்ஸ்!

எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கி, கூவம் இருக்கிற பக்கமா நடங்க. கொஞ்ச தூரத்துலேயே கிரீஸ் வாசனை வரவேற்கும். கதவு, பம்பர், ஹெட்லைட், சைலன்சர்னு பிளாட்பாரம் வரைக்கும் அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒரு பக்கம் சுத்தியல் சத்தம், இன்னொரு பக்கம் பேரம். முழுசா உள்ளே போற வண்டி, பீஸ் பீஸா வெளியே வர்ற ஏரியா இது.

உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய பஜாஜ் சேத்தக் தூங்குதா? “எடைக்குப் போட்டுடலாம்டா”னு அப்பா ஆரம்பிச்சுட்டாரா? அப்படின்னா இங்கே வர உங்களுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, வண்டியைக் கொடுக்க. இன்னொண்ணு, அதைக் காப்பாத்த. நாம ரெண்டாவது வேலைக்குப் போவோம்!

சேத்தக் சாதாரண ஆள் இல்லை பாஸ். ராணா பிரதாப்போட குதிரை பேரை வெச்சு 1972-ல வந்த வண்டி. இத்தாலி வெஸ்பாவோட நேரடி வாரிசு. புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கினாங்க. இன்ஜின் 145 சிசி, 2-ஸ்ட்ரோக். போர் 57 மி.மீ., ஸ்ட்ரோக்கும் அதே 57 மி.மீ. 2020-ல அதே பேர்ல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்துடுச்சு. ஆனா, பழைய சேத்தக்கோட சாமானுக்கு இன்னமும் இந்த மாதிரி கடைங்கதான் கதி.

ஒரு கடையில, “வண்டி ஸ்டார்ட் ஆகலைண்ணே”னு சொல்லிப் பாருங்க. “செத்துடலை தம்பி, மூக்கு அடைச்சிருக்கும். மொதல்ல க்ளீன் பண்ணு, அப்புறமா சாமான் வாங்கு”ம்பாரு பெரியவர். ட்யூனிங் பாடத்துல முதல் வரியே இதுதான்.

வீட்டுல என்ன பண்ணணும்? மூணே விஷயம்... பெட்ரோல், நெருப்பு, அழுத்தம்.

பெட்ரோல்: சாய்ச்சு சாய்ச்சு உதைச்சாதான் கிளம்புதா? பெட்ரோல் வர்ற வழியில அடைப்பு இருக்கலாம். டேங்க், டேப், டியூப் எல்லாத்தையும் கழுவுங்க. கார்பரேட்டரைப் பிரிச்சு ஜெட்டுல காத்து அடிங்க. கம்பியை விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாகிடும். லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில்... கூட ஊத்தினா புகை, குறைச்சா பிஸ்டன் ஜாம்!

நெருப்பு: பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பழுப்பா இருந்தா ஓகே. கறுப்பா, ஈரமா இருந்தா பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலை. பிளக் கேப் 0.6 மி.மீ. வைங்க. மேக்னெட் ஜன்னல் வழியா காண்டாக்ட் பாயின்ட் தெரியும். அது முழுசா திறந்திருக்கும்போது 0.3-லேர்ந்து 0.5 மி.மீ. இடைவெளி இருக்கணும். இதை அளக்க ஒரு ஃபில்லர் கேஜ் போதும்.

அழுத்தம்: கிக்கரைக் கையால அமுக்குங்க. எதிர்ப்பே இல்லாம இறங்கினா ரிங்கோ சிலிண்டரோ தேய்ஞ்சிருக்கு. அப்ப லேத் பட்டறையில போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். தேய்ஞ்ச சிலிண்டருக்குள்ள புது ரிங் மட்டும் போட்டா காசுதான் வேஸ்ட். அழுத்தம் நல்லா இருந்தும் இழுவை இல்லையா? ஹெட்டையும் சிலிண்டரையும் கழட்டி, எக்ஸாஸ்ட் வாசல்ல படிஞ்ச கார்பனை மரத்துண்டால சுரண்டுங்க. சைலன்சரையும் மறக்காதீங்க.

இங்கதான் ஒரு ஆசை வரும். “சைலன்சரை வெட்டு மச்சி, சும்மா பறக்கும்”னு ஃப்ரெண்டு சொல்வான். நம்பாதீங்க! 2-ஸ்ட்ரோக்ல புது பெட்ரோல் உள்ளே வர்ற நேரத்துல எக்ஸாஸ்ட் வாசலும் திறந்துதான் இருக்கும். சைலன்சர்ல இருந்து திரும்பற அழுத்த அலை, வெளியே ஓடப் பார்க்கிற பெட்ரோலைக் கொஞ்சம் தடுக்கும். வெட்டினா சத்தம் ஏறும், இழுவை இறங்கும். போதாக்குறைக்கு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுனு மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவே இருக்கு.

கடைசியா ரெண்டு விஷயம். பழைய சாமான் வாங்கும்போது பில் கேளுங்க. யார் வண்டியில இருந்து கழட்டினதுனு தெரியாத பீஸை நம்ம வண்டியில மாட்டினா, தலைவலி நமக்குத்தான். அப்புறம், ஆர்.சி-க்கு 15 வருஷம் முடிஞ்சிருந்தா ரினியூவல் பண்ணாம ரோட்டுல இறக்காதீங்க. 2-ஸ்ட்ரோக் புகை நல்லதில்லைனு நமக்கும் தெரியும். அதனால தினமும் காலேஜுக்குப் பஸ், ஞாயித்துக்கிழமை மட்டும் சேத்தக்!

ட்யூனிங்னா ராக்கெட் ஆக்கறது இல்லை... அந்த இன்ஜின் முதல் நாள் எப்படி ஓடுச்சோ, அப்படி ஓட வைக்கிறது. அப்பாகிட்ட ஒரு மாசம் டைம் கேளுங்க. ஃபில்லர் கேஜும் ஒரு பிளக்கும் வாங்க புதுப்பேட்டைக்குக் கிளம்புங்க. அங்கே பிரிச்சுப் போட ஆயிரம் வண்டி இருக்கு... உங்க வண்டி அந்தக் குவியல்ல சேர வேணாமே!