தாதியர் படிப்பு என்றால் ஊசி போடப் படிப்பது மட்டுமா?



நாரந்தனை உறவுகளே, பெற்றோரே, எங்கள் பழைய மாணவர்களே! இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடென்றால் பிள்ளைக்கும் காட்டுங்கள்.

சில வாரங்களாக எங்கள் ஆசிரியர் அறையில் இதுதான் பேச்சு. எங்களிடம் சாதாரண தரம் வரை படித்து, பிறகு உயர்தரத்தில் உயிரியல் எடுத்த ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்புக் கிடைத்திருக்கிறது. பிள்ளைக்குச் சரியான சந்தோசம். வீட்டில் மட்டும் முகம் வாடிப் போய்விட்டது. "டொக்டராக வேணும் எண்டுதானே பயோ படிச்சது. மிஸி வேலைக்கு என்னத்துக்கு நாலு வருசப் படிப்பு?" என்று கேட்கிறார்கள். திரும்பவும் பரீட்சை எடுக்கச் சொல்லலாமா என்று எங்களிடமும் கேட்டார்கள். பதிவுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன.

அந்தத் தாய் தகப்பனைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. எங்கள் முஸ்லிம் சமூகத்திலும் இதே கதைதான். "இரவு வேலை, அந்நிய ஆம்பிளைகளைத் தொட்டுப் பார்க்கிற வேலை, பிறகு மாப்பிள்ளை பார்க்கிறது கஷ்டம்" என்று எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகளின் விண்ணப்பம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஆனபடியால் அந்தக் கேள்விக்கே பதில் தேடுவோம். தாதியர் படிப்பில் நாலு வருசம் படிக்க அப்படி என்ன இருக்கிறது?

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், புளோரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கோடு நிற்கும் அம்மையாரின் படத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறோம். அவர் கணக்கில் புலி என்பதைப் பாடப் புத்தகம் பெரிதாகச் சொல்வதில்லை. 1854 இல் கிரைமியப் போரில் காயப்பட்ட படையினரைப் பார்க்க ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குப் போனார். அங்கே காயத்தால் செத்தவர்களை விட வயிற்றோட்டம், கொலரா, காய்ச்சல் என்று தொற்று நோயால் செத்தவர்கள் பல மடங்கு. 1855 இல் ஒரு சுகாதாரக் குழு வந்து கழிவு வாய்க்கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டம் செய்த பிறகு இறப்பு மளமளவென்று குறைந்தது. நாடு திரும்பிய நைட்டிங்கேல் அந்த எண்ணிக்கைகளை மாத வாரியாகப் பிரித்து, அரசாங்கத்துக்கு விளங்கும்படி வரைபடமாக்கிக் காட்டினார். நோயாளியைப் பார்ப்பதும், பார்த்ததை எழுதி வைப்பதும், எழுதியதில் இருந்து காரணம் கண்டுபிடிப்பதும் தாதியின் வேலை என்பது அன்றே தொடங்கியது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். லிண்டா எய்க்கன் என்பவர் அமெரிக்காவில் தாதியாக வேலை செய்து பிறகு பேராசிரியரானவர். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை செய்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அவருடைய குழு ஆராய்ந்தது. 2002 இல் வெளியான முடிவு இது: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுகிறது. 2014 இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 வைத்தியசாலைகளைப் பார்த்தார்கள். அங்கும் அதே 7 சதவீதம். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. பட்டப்படிப்புப் படித்த தாதியரின் பங்கு 10 சதவீதத்தால் கூடிய இடங்களில் இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் குறைவாக இருந்தது.

"மிஸி வேலைக்கு என்னத்துக்கு நாலு வருசம்?" என்ற கேள்விக்கு இதை விட நேரான பதில் எங்களிடம் இல்லை. வார்ட்டில் டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். இருபத்து நாலு மணித்தியாலமும் கட்டிலடியில் மாறி மாறி நிற்பது தாதியர். மூச்சு கொஞ்சம் மாறுகிறது, சிறுநீர் குறைகிறது, கதைத்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் தடுமாறுகிறார் என்பதை முதலில் காண்பது அவர்கள்தான். கண்டது ஆபத்தா இல்லையா என்று பிரித்தறிய அறிவு வேண்டும். அந்த அறிவைத்தான் நாலு வருசம் படிக்கிறார்கள்.

வைத்தியசாலைக்குள் நடப்பது ஒரு பாதிதான். மற்றப் பாதி நம் வீட்டில் நடக்கிறது. அங்கேதான் நோலா பெண்டர் என்ற தாதியப் பேராசிரியரின் ஆய்வு நமக்கு உதவுகிறது. 1941 இல் மிச்சிகனில் பிறந்தவர். ஏழு வயதில், வைத்தியசாலையில் இருந்த தன் மாமியைத் தாதியர் பராமரித்ததைப் பார்த்தே இந்தத் துறையில் ஆசை கொண்டவர். தாதியர் சுகாதார மேம்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்பது பற்றி 1982 இல் ஒரு நூல் எழுதினார். அவர் கேட்ட கேள்வி, ஆசிரியர்களாகிய நாங்கள் தினமும் கேட்கிற கேள்வி: ஒரு விசயம் நல்லதென்று தெரிந்தும் மனிசர் ஏன் செய்வதில்லை?

பயம் காட்டினால் மட்டும் ஆட்கள் மாறமாட்டார்கள் என்றார் பெண்டர். இதனால் எனக்கு என்ன நன்மை, செய்யவிடாமல் எது தடுக்கிறது, என்னால் முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறதா, வீட்டுக்காரரும் கூட்டாளிகளும் என்ன சொல்கிறார்கள், இருக்கிற இடம் இடம் கொடுக்கிறதா என்று இத்தனையும் சேர்ந்துதான் ஒருவருடைய பழக்கத்தைத் தீர்மானிக்கின்றன. தாதி இவற்றைக் கேட்டறிந்து, தடையாக இருப்பதை நோயாளியோடு சேர்ந்து விலக்க வேண்டும்.

இதை எங்கள் மாணவன் ஒருவனுடைய அப்பப்பாவின் விசயத்தில் நாங்கள் நேரே கண்டோம். அவருக்குச் சீனி வருத்தம். காலில் முள்ளுக் குத்தியது தெரியவில்லை. சீனி கூடி நாள்பட்டால் நரம்பு பழுதாகிக் கால் மரத்துப் போகும், நோ தெரியாது. புண் பெருத்து, வைத்தியசாலையில் இருந்து மாறி வந்தார். "செருப்புப் போடுங்கோ, காலைக் கவனியுங்கோ" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அவரும் தலையாட்டியிருக்கிறார். பிறகு ஒரு கிளினிக்கில் தாதி ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "ஐயா, செருப்பு ஏன் போடுறேல்லை?" என்று கேட்டாராம். இருக்கிற செருப்பு விரலில் வெட்டுகிறது, பனங்காணிக்குள் மணலில் நடக்க வழுக்குகிறது, கண்ணும் மங்கல் என்பதால் அடிப்பாதத்தைப் பார்க்க ஏலாது என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வழி பிறந்தது. பின்பக்கம் பட்டி வைத்த மெதுவான செருப்பு வாங்கினார்கள். இரவில் காலைக் கழுவித் துடைத்துப் பார்க்கிற பொறுப்பைப் பேரனிடம் கொடுத்தார்கள். கடைசியில் அந்தத் தாதி, "நான் சொன்னதை ஐயா எனக்கு ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றும் கேட்டிருக்கிறார். விளங்கியதா என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்போம். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் விளங்கியது தெரியும். நாங்கள் வகுப்பில் செய்வதும் அதுதான்.

ஒரு கேள்வியும் ஒரு சோடிச் செருப்பும் ஒரு காலைக் காப்பாற்றின. இன்று அவர் நடந்து திரிகிறார்.

தீவில் இருக்கிற நமக்கு இது இன்னும் பெரிய விசயம். நாரந்தனையில் இருப்பவர் ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குப் போகலாம். பெரிய வருத்தமென்றால் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போக வேண்டும். நெடுந்தீவார், நயினாதீவார் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அனலைதீவு, எழுவைதீவு ஆட்களுக்கும் கடல்தான் வாசல். காற்றுக் காலத்தில் கிளினிக் நாள் தவறினால் மாத்திரையும் தவறும். இப்படிப்பட்ட இடத்தில், வருத்தம் முற்ற முன்னம் தடுப்பதும், வீட்டில் எப்படிப் பார்ப்பதென்று சொல்லிக் கொடுப்பதும் பாதி வைத்தியம். அதைச் செய்ய நம் தண்ணியின் உவர்ப்பும், நம் சமையலில் சேரும் கருவாட்டின் உப்பும், நம் பேச்சும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

மானிப்பாயில் வேலை செய்த வைத்தியர் சாமுவேல் கிறீன் இதை அன்றே கண்டவர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், 1860களில் வைத்தியப் படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் ஊரிலேயே தங்கி ஊராருக்கு உதவுவார் என்பது அவருடைய எண்ணம். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார்.

எங்கள் சமூகத்துப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலருகே கூடாரம் போட்டுக் காயப்பட்டவர்களைப் பராமரித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. அகழ்ப் போரில் காயப்பட்ட சஃத் இப்னு முஆத் (ரலி) அவர்களை அந்தக் கூடாரத்தில்தான் வைத்துப் பார்த்தார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மரியாதையாக இருந்த வேலை, நம் வீட்டு வாசலில் எப்படி மரியாதை குறைந்தது?

கஷ்டமில்லாத தொழில் என்று நாங்கள் சொல்லவில்லை. இரவு வேலை உண்டு. வார்ட்டில் ஆள் பற்றாக்குறை உண்டு. நோயாளியின் சொந்தக்காரர் சத்தம் போடுவதும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இவற்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். தெரிந்துகொண்டுதான் போக விரும்புகிறார்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பிள்ளைக்குத் தாதியர் படிப்புக் கிடைத்தால் "அதுவோ?" என்று கேட்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. அதன் பிறகு ஆய்வு, விரிவுரை என்று பாதை நீளும்.

இரண்டு, 35 வயது கடந்தவர்கள் வருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலைகளில் சீனி, பிரஷர், நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். போகும்போது அயலவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்டர் சொன்னதுபோல, கூட வர ஆளிருந்தால் பாதித் தடை போய்விடும்.

மூன்று, வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அவசரப்படாமல் நின்று கேளுங்கள். எந்த மாத்திரை எப்போது, எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு, நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையின் அம்மா, அப்பா இதை வாசித்தால்: முடிவு உங்களுடையது. பதிவு முடிய முன்னம் ஒருக்கால் பாடசாலைப் பக்கம் வாருங்கள், இருந்து கதைப்போம். நாலு வருசம் கழித்து இந்தத் தீவில் யாரோ ஒரு ஐயாவிடம் கதிரையை இழுத்துப் போட்டு "ஏன்?" என்று கேட்கப் போவது உங்கள் மகளாகவும் இருக்கலாம்.