2000 அடி என்றால் எங்கே?

மஸ்கெலியா பக்கம் ஏழு கன்னி மலைக்கு இன்னொரு பேர் இருக்கு. எங்க வீட்டுப் பெரியவங்க அதைக் கையைக் காட்டிச் சொல்றப்ப ‘பிளேன் விழுந்த மலை’ன்னுதான் சொல்லுவாங்க. நாங்க ஸ்கூல் போற காலத்தில் அது பேய்க்கதை மாதிரித்தான் காதில் விழுந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான், அதற்குள் இருக்கும் கேள்வி இன்னும் முடியவில்லை என்று விளங்கியது.

1974 டிசம்பர் 4. நெதர்லாந்தின் மார்ட்டினேர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து புறப்பட்டு கொழும்பு வழியாக ஜெத்தாவுக்குப் போக வேண்டும். ஹஜ் யாத்திரை போகும் 182 பேர், விமானப் பணியாளர்கள் 9 பேர். இரவு பத்து மணி தாண்டிய நேரம், கட்டுநாயக்கவில் இறங்கப் போகிறோம் என்ற நம்பிக்கையில் கீழே வந்துகொண்டிருந்தது. ஏழு கன்னி மலைத்தொடரில் ஏறக்குறைய 4355 அடி உயரத்தில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமான நிலையம் அங்கிருந்து மேற்கே சுமார் 40 கடல் மைல், அதாவது எழுபது கிலோமீட்டருக்கும் மேல்.

அது மலையகத்துக்கும் கெட்ட காலம். உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் உயிர்களைக் காவு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜனவரியில்தான் சிறிமாவோவும் இந்திரா காந்தியும், 1964 ஒப்பந்தத்தில் மிச்சம் வைத்த ஒன்றரை லட்சம் பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எந்த நாட்டு ஆள் என்று தெரியாமல் லயத்தில் இருந்த சனத்தின் தலைக்கு மேலே, எங்கே இருக்கிறோம் என்று தவறாக நினைத்த ஒரு விமானம் வந்தது.

அந்த ‘எங்கே’தான் விஷயம். கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையம் முதலில் 5000 அடிக்கு இறங்க அனுமதி கொடுத்தது. பிறகு 2000 அடிக்கு. விமான நிலையம் கண்ணில் பட்டால், அல்லது அங்குள்ள வானொலி வழிகாட்டிக்கு நேர் மேலே வந்தால் சொல்லுங்கள் என்றது. கட்டுநாயக்கவுக்குப் பக்கத்தில் 2000 அடியில் ஒரு ஆபத்தும் இல்லை. கடல் ஓரம், தென்னை, சமதரை. ஆனால் பிதுருதலாகலை 8281 அடி, சிவனொளிபாதமலை 7359 அடி. அதே எண் இங்கே மண்ணுக்குள் போகிற எண். இலங்கையின் விசாரணை சொன்ன காரணம் இதுதான்: விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைக் குழுவினர் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியது அதற்கு இடம் கொடுத்தது.

இதற்குச் சரியாக மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவிலும் ஒரு மலை. டிடபிள்யூஏ 514, போயிங் 727. வாஷிங்டனின் டலஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். இங்கே விமானம் எங்கே இருக்கிறது என்பதில் பெரிய குழப்பமில்லை. குழப்பம் கையிலிருந்த சார்ட்டில். ரவுண்ட் ஹில் என்ற புள்ளி வரைக்கும் 3400 அடிக்குக் குறையக் கூடாது என்று அதன் ஒரு பகுதியில் இருந்தது. பக்கவாட்டுப் படத்திலோ 1800 அடி என்ற எண்தான் தெரிந்தது. விமான அறையில் இதைப் பற்றிப் பேசியும் இருக்கிறார்கள். கட்டுப்பாட்டாளர் ‘அணுகலாம்’ என்று அனுமதி கொடுத்துவிட்டாரே, அப்படியென்றால் 1800க்கு இறங்கலாம் என்று கேப்டன் முடிவெடுத்தார். கட்டுப்பாட்டாளரோ, சார்ட்டில் இருக்கும் உயரத்தை விமானிதான் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார். விசாரணைக் குழுவிலேயே கருத்து இரண்டாகப் பிரிந்தது.

ரெண்டு விபத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டிலும் கீழேயிருந்து ஒரு எண் வந்தது. எண்ணைக் கொடுத்தவர், மலையைப் பார்ப்பது மேலே இருப்பவர் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணை வாங்கியவர், மலை இருந்தால் இந்த எண்ணைக் கொடுத்திருப்பார்களா என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் மலை யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் நிற்கிறது.

இன்றைய வருகை சார்ட்டுகளில் இதற்கு ஒரு எளிய மொழி உண்டு. எண்ணுக்கு அடியில் கோடு இருந்தால், அந்தப் புள்ளியில் அந்த உயரத்துக்குக் கீழே போகாதே. எண்ணுக்கு மேலே கோடு இருந்தால், அதற்கு மேலே இருக்காதே. மேலேயும் கீழேயும் கோடு இருந்தால், சரியாக அதே உயரம். இவ்வளவு தெளிவாக எழுதியும் சந்தேகம் தீரவில்லை. வழியில் கட்டுப்பாட்டாளர் புதிதாக ஒரு உயரம் சொன்னால், சார்ட்டில் அச்சடித்த கட்டுப்பாடுகள் இன்னும் செல்லுமா, ரத்தாகிவிட்டதா? நாட்டுக்கு நாடு ஒவ்வொரு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். அதனால் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016இல் பேச்சு வாசகங்களையே மாற்ற வேண்டி வந்தது. மவுண்ட் வெதருக்குப் பிறகு 42 வருஷம்!

எங்களை அதிகம் உறுத்திய செய்தி வேறொன்று. டிடபிள்யூஏ விபத்துக்கு ஏறக்குறைய ஆறு வாரம் முன்பு, யுனைட்டட் நிறுவனத்தின் ஒரு விமானம் அதே இடத்தில் அதே மாதிரி இறங்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் அதைத் தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் பக்கத்து நிறுவனத்துக்கு அது போய்ச் சேரவில்லை. விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்கா விழித்தது. அனுமதி கிடைத்தாலும், சார்ட்டில் குறித்த பாதைக்குள் வரும்வரை கடைசியாகச் சொன்ன உயரத்தை விடக் கூடாது என்று விதி வந்தது. தரை நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவி பெரிய விமானங்களில் கட்டாயமானது. 1976இல், யாரும் தண்டனைப் பயமின்றித் தவறுகளைச் சொல்வதற்கு நாசா நடத்தும் அமைப்பு ஒன்றும் தொடங்கியது.

நம்ம நாட்டில் அந்தச் சோகம் திரும்ப வந்தது. 1978 நவம்பர் 15, இந்த முறை ஹஜ் முடித்து ஜெத்தாவிலிருந்து ஊர் திரும்பும் இந்தோனேசியர்கள். ஐஸ்லாந்து நிறுவனத்தின் டிசி-8, கட்டுநாயக்க ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னாடி விழுந்தது. 183 பேர் இறந்தார்கள். விமானிகள் உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் கவனிக்கவில்லை என்றது இலங்கைத் தரப்பு. நிலையத்தின் கருவிகளும் கட்டுப்பாட்டாளர் தந்த தகவலும் சரியில்லை என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. மறுபடி அதே இழுபறி.

இது ஆகாயத்தில் போகிறவங்க பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கலாம். மலையகத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த இழுபறி தரையிலேயே பழக்கமானது. கொஸ்லந்த மீரியாபெத்த தோட்டம் 2014 அக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் போனது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. லயங்கள் அங்கேயேதான் இருந்தன. எச்சரித்தவர் தன் வேலை முடிந்தது என்று நினைக்கலாம். எழும்பிப் போக வேறு இடம் இல்லாதவர், அதைச் செய்து தர வேண்டியவர்கள் செய்வார்கள் என்று காத்திருக்கலாம். 2000 அடி என்ற எண்ணைப் போலத்தான் ‘அவதானமாக இருங்கள்’ என்ற வார்த்தையும். எங்கே, யார், எப்போது என்பது சேராவிட்டால் அது வெறும் சத்தம்.

விமானத்துறையில் ஒரு பழக்கம் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் அதைக் காது கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். ‘விளங்கிச்சு’ன்னு மட்டும் சொன்னால் போதாது. அடுத்த மழைக்காலத்தில் உங்க தோட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை வந்தால், கொண்டு வந்தவரிடமே திருப்பிக் கேளுங்க: எந்த லயம், எத்தனை மணிக்குள்ளே, எங்கே போய்த் தங்குறது, கூட்டிப் போறது யாரு? பதில் இல்லையென்றால் அவரை விடாதீங்க.